காவடி வரிசையை வைத்து ஒரு பாடம்: சி++ லிஸ்ட்டை எப்போது எடுப்பது, எப்படிக் கையாள்வது

லிங்க்டு லிஸ்ட் (ஒவ்வொரு உறுப்பும் அடுத்ததைச் சுட்டிக்காட்டும் பட்டியல்) என்றதும் பாடப்புத்தகம் முதலில் சொல்வது, "நடுவில் செருகுவதும் நீக்குவதும் வேகம்" என்பதைத்தான். அதை மட்டும் நம்பி லிஸ்ட்டை எடுப்பவர்கள் பெரும்பாலும் பொருந்தாத இடத்தில்தான் எடுக்கிறார்கள். நான் அதை எடுப்பது இன்னொரு குணத்துக்காக. லிஸ்ட்டில் ஒரு உறுப்பைப் போட்டுவிட்டால், நீக்கும்வரை அது நினைவகத்தில் இருந்த இடத்திலேயே இருக்கும். வரிசையில் முன்னே போகலாம், பின்னே வரலாம், வேறொரு லிஸ்ட்டுக்கே போய்ச் சேரலாம், முகவரி மாறாது. அந்த முகவரியை நீங்கள் வேறெங்காவது குறித்து வைத்திருந்தால் அந்தக் குறிப்பும் கெடாது. இந்தக் குணம் உங்கள் நிரலுக்குத் தேவையா என்று கேளுங்கள். தேவை என்றால் லிஸ்ட்டைத் தயங்காமல் எடுங்கள். இல்லையென்றால், உறுப்புகளை அடுத்தடுத்து ஒரே இடத்தில் வைக்கும் வெக்டரே போதும்.

நான் மொரீஷியஸில் எபெனில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோஸ் ஹில்லில் கோவிலை ஒட்டிய அறையில் இளைஞர்களுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். எச்எஸ்சி படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள், ரெதுய் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிப்பவர்களும் வருகிறார்கள். வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள். கண்டெய்னர்களை (தரவைச் சேர்த்து வைக்கும் அமைப்புகளை)ப் பற்றிய பாடம் வரும்போது அவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி, தைப்பூசக் காவடி ஊர்வலத்தின் வரிசையை நடத்தும் ஒரு சிறு நிரல். இங்கே தைப்பூசம் அரசு விடுமுறை நாள், கோவில்தோறும் ஊர்வலம் உண்டு, வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த வரிசை எப்படி ஓடும் என்று தெரியும். எண்களை வைத்துச் செய்யும் உதாரணத்தில் லிஸ்ட்டின் அருமை புரியாது. ஆட்களை வைத்துச் செய்தால் உடனே புரிகிறது.

பயிற்சி இதுதான். விரத நாட்களில் பக்தர்கள் பெயர் பதிகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எண் கிடைக்கிறது. தைப்பூசத்தன்று காலையில் எல்லோரும் ஆற்றங்கரையில் கூடுகிறார்கள். அங்கே காவடிகளுக்குப் பூ கட்டுகிறார்கள், அலகு குத்துகிறார்கள், பால் செம்பு நிரப்புகிறார்கள். தயாரானவர்கள் ஒவ்வொருவராக, குழுகுழுவாக, கோவிலை நோக்கிக் கிளம்பும் வரிசையில் சேர்கிறார்கள். இதில் எதுவும் பதிந்த வரிசைப்படி நடப்பதில்லை. ஒருவருக்கு அலகு குத்தி முடிய நேரமாகும். ஒரு குடும்பம் பாட்டி வரும்வரை காத்திருக்கும். தைப்பூசம் வருவது எங்கள் புயல் பருவத்தில், திடீரென்று மழை கொட்டினால் குழந்தைகளை முன்னால் அனுப்பச் சொல்வார்கள். ஆக, இரண்டு வரிசைகள்: காத்திருப்பு, புறப்பாடு. ஆட்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருப்பார்கள். தொண்டர் ஒருவர் சீட்டு எண்ணைச் சொன்னால், அந்த ஆள் எங்கே நின்றாலும் நிரல் அவரை உடனே தொட வேண்டும்.

நிரலின் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது சி++ சொற்களை வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். ஜிசிசி என்ற கம்பைலர் 10ஆம் பதிப்பு முதல் யூனிகோடு எழுத்துகளில் பெயர் வைப்பதை நேராக ஏற்றுக்கொள்கிறது. என் வகுப்பில் காத்திருப்பு, புறப்பாடு என்றே தட்டுகிறார்கள், பிள்ளைகளுக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

உள்ளே என்ன இருக்கிறது

எஸ்டிடி லிஸ்ட், அதாவது சி++ மொழியோடு வரும் நூலகத்தின் லிஸ்ட், இருபக்கமும் இணைந்த பட்டியல். ஒவ்வொரு உறுப்பும் தனித்தனிக் கணுவாக நினைவகத்தில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும். கணுவுக்குள் உங்கள் தரவும், முன்னால் இருப்பவருக்கு ஒரு பாயிண்டரும் (அவர் முகவரியின் குறிப்பு), பின்னால் இருப்பவருக்கு ஒரு பாயிண்டரும் இருக்கும். ஒரே பக்கம் மட்டும் பாயிண்டர் வைத்த வகை ஃபார்வர்டு லிஸ்ட், அது சி++11இல் வந்தது. இடத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதற்காக அதில் சைஸ் ஃபங்ஷனைக்கூட வைக்கவில்லை. முதலில் பழக எஸ்டிடி லிஸ்ட்டே நல்லது.

கணுக்கள் அடுத்தடுத்து இல்லாததால் "பதினேழாவது ஆள் யார்" என்று சதுர அடைப்பு போட்டுக் கேட்க முடியாது. முதலிலிருந்து ஒவ்வொருவராக நடந்துதான் போக வேண்டும். எஸ்டிடி நெக்ஸ்ட், எஸ்டிடி அட்வான்ஸ் இரண்டும் அப்படித்தான் நடக்கின்றன. ஒரு லூப்புக்குள் அட்வான்ஸ் போட்டு எண்ணால் தேடுவதைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். அந்த இடத்துக்கு லிஸ்ட் பொருந்தவில்லை என்று நிரலே உங்களுக்குச் சொல்கிறது.

பதிவதும் கைப்பிடி வாங்கிக்கொள்வதும்

பக்தர் என்று ஒரு ஸ்ட்ரக்ட் எழுதுங்கள். சீட்டு எண், பெயர், எடுப்பது காவடியா செம்பா, எந்த ஊர்க் குழு, இப்போது எந்த வரிசையில் நிற்கிறார்: இந்த ஐந்தும் போதும். கடைசி விவரம் ஏன் என்று பிறகு சொல்கிறேன், விட்டுவிடாதீர்கள்.

ஒருவரைக் கடைசியில் சேர்க்கப் புஷ் பேக் என்று ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் புஷ் பேக் எதையும் திருப்பித் தருவதில்லை. நமக்குத் தேவை, சேர்த்த ஆளைச் சுட்டும் இட்டரேட்டர், அதாவது லிஸ்ட்டில் அவர் நிற்கும் கணுவைக் காட்டும் குறி. அதனால் இன்சர்ட்டைப் பயன்படுத்துங்கள்:

ஆட்டோ ஆள் = காத்திருப்பு.இன்சர்ட்(காத்திருப்பு.எண்ட்(), புதியவர்);
கைப்பிடி[சீட்டு_எண்] = ஆள்;

இன்சர்ட் எப்போதும் நீங்கள் காட்டும் இடத்துக்கு முன்னால் செருகும். எண்டைக் காட்டினால் கடைசியில் சேரும். கைப்பிடி என்பது ஒரு அன்ஆர்டர்டு மேப்: சீட்டு எண்ணைக் கொடுத்தால் லிஸ்ட்டின் இட்டரேட்டரைத் தரும். இந்த இரண்டு வரிகள்தான் முழு நிரலின் உயிர். லிஸ்ட் வரிசையைக் காக்கிறது, மேப் தேடலைக் கவனிக்கிறது, இரண்டையும் இட்டரேட்டர் இணைக்கிறது. நடுவில் எத்தனை பேர் வந்தாலும் போனாலும் மேப்பில் இருக்கும் இட்டரேட்டர்கள் அப்படியே செல்லுபடியாகும். ஒருவரை நீக்கினால் அவருடைய இட்டரேட்டர் மட்டும்தான் செத்துப்போகும்.

இந்த இடத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், வெக்டரில் போட்டு, மேப்பில் அவருடைய எண்ணை வைத்தால் ஆகாதா?" நல்ல கேள்வி. பலகையில் வரைந்து பார்த்தோம். வெக்டரில் மூன்றாவது இடத்தில் ஒருவரைச் செருகினால், அவருக்குப் பின்னால் இருக்கும் எல்லோருடைய எண்ணும் ஒன்று கூடிவிடும். மேப்பில் குறித்ததெல்லாம் ஒரே நொடியில் பொய்யாகிவிடும், நிரலோ எந்தப் புகாரும் சொல்லாது. எண்ணுக்குப் பதில் பாயிண்டரை வைத்தால் இன்னும் மோசம். வெக்டர் நிரம்பியதும் எல்லாவற்றையும் புதிய இடத்துக்கு மாற்றும், பழைய முகவரியில் இருப்பது குப்பை. சரி, ஒவ்வொரு முறையும் சீட்டு எண்ணை வைத்து வெக்டர் முழுக்கத் தேடலாமே என்றால், தாராளமாகத் தேடலாம். ஒரு கோவில் ஊர்வலத்தின் அளவுக்கு அந்தத் தேடலின் நேரம் யார் கண்ணிலும் படாது. நான் லிஸ்ட்டை எடுத்தது வேகத்துக்காக இல்லை, குறித்த குறிப்பு பொய்யாகாமல் இருப்பதற்காக.

நீக்குவது

உடல்நிலை சரியில்லாமல் ஒருவர் இந்த ஆண்டு வரவில்லை என்றால், மேப்பில் சீட்டு எண்ணைத் தேடுங்கள், கிடைத்த இட்டரேட்டரை லிஸ்ட்டின் எரேஸுக்குக் கொடுங்கள், பிறகு மேப்பிலிருந்தும் எடுத்துவிடுங்கள். மேப்பிலிருந்து எடுக்காமல் விட்டால், இறந்த கணுவைச் சுட்டும் இட்டரேட்டர் அங்கே உட்கார்ந்திருக்கும். பிறகு யாராவது அந்தச் சீட்டு எண்ணைக் கேட்கும்போது விபரீதம்.

லூப்பில் நடந்துகொண்டே நீக்கும்போது கவனம் வேண்டும். எரேஸ் செய்த இட்டரேட்டரை ++ போட்டு நகர்த்தக் கூடாது. அது சுட்டிய கணுவே இப்போது இல்லை. எரேஸ், அடுத்தவரின் இட்டரேட்டரைத் திருப்பித் தருகிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்:

ஆள் = காத்திருப்பு.எரேஸ்(ஆள்);

நீக்காத சுற்றில் மட்டும் ++ போடுங்கள். ஒரே நிபந்தனையில் பலரை நீக்க வேண்டுமானால் ரிமூவ் இஃப் இருக்கிறது. சி++20 முதல் எத்தனை பேரை நீக்கியது என்றும் அது சொல்லும். ஆனால் நம் நிரலில் மேப்பையும் சேர்த்துத் துடைக்க வேண்டியிருப்பதால் லூப்பே வசதி.

ஸ்பிளைஸ்: லிஸ்ட்டை எடுப்பதற்கான உண்மையான காரணம்

புத்தகங்கள் இதைக் கடைசியில் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். நான் ஒரு வகுப்பு முழுவதையும் இதற்கே ஒதுக்குவேன். ஸ்பிளைஸ் என்பது ஒரு கணுவை அது நிற்கும் இடத்திலிருந்து கழற்றி, வேறொரு இடத்தில் கோர்ப்பது. தரவை நகல் எடுக்காது, புதிய நினைவகம் கேட்காது, பழையதை விடுவிக்காது. சில பாயிண்டர்களைத் திருப்பிவிடுவதோடு வேலை முடிந்தது. பக்தர் ஸ்ட்ரக்டில் படமும் மருத்துவக் குறிப்பும் சேர்ந்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் செலவு அதே செலவுதான்.

மூன்று விதமாக அழைக்கலாம். முதலாவது, ஒரு லிஸ்ட் முழுவதையும் கொண்டுவந்து சேர்ப்பது. இரண்டாவது, ஒரே ஒருவரை மாற்றுவது:

புறப்பாடு.ஸ்பிளைஸ்(புறப்பாடு.எண்ட்(), காத்திருப்பு, ஆள்);

இதைப் படிக்கும் முறை: எங்கே போய்ச் சேர வேண்டும், எந்த லிஸ்ட்டிலிருந்து வருகிறார், யார் வருகிறார். சேரும் இடம் முதலில் வருவது பலரைக் குழப்புகிறது; வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினால் பழகிவிடும். அழைத்து முடிந்ததும் மேப்பைத் தொட வேண்டியதே இல்லை. சீட்டு எண் சுட்டுவது அதே கணுவை, அந்தக் கணு இப்போது புறப்பாட்டில் நிற்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, ஒரு தொடரையே நகர்த்துவது. காத்ர் போர்ன் குழு ஒன்றாகக் கிளம்ப வேண்டும், அவர்கள் காத்திருப்பில் அடுத்தடுத்து நிற்கிறார்கள் என்று வையுங்கள். குழுவின் முதல் ஆளின் இட்டரேட்டரையும், கடைசி ஆளுக்கு அடுத்தவரின் இட்டரேட்டரையும் கொடுக்க வேண்டும்:

புறப்பாடு.ஸ்பிளைஸ்(இடம், காத்திருப்பு, முதலாள், எஸ்டிடி::நெக்ஸ்ட்(கடையாள்));

நெக்ஸ்ட்டை விட்டுவிட்டால் குழுவின் கடைசி ஆள் ஆற்றங்கரையிலேயே நின்றுவிடுவார். சி++ இல் எல்லாத் தொடர்களும் இப்படித்தான், முடிவு என்று காட்டுவது தொடரில் சேராது. இன்னொன்று: ஒரே லிஸ்ட்டுக்குள் தொடரை முன்னே பின்னே நகர்த்தும்போது, சேரும் இடம் அந்தத் தொடருக்குள்ளேயே இருக்கக் கூடாது. ஸ்டான்லி குழுவை ஸ்டான்லி குழுவின் நடுவில் கொண்டுபோய் வை என்று சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. இதைக் கம்பைலர் தடுக்காது.

செலவைப் பற்றி ஒரு நுணுக்கம். முழு லிஸ்ட்டையோ ஒருவரையோ மாற்றுவது நிலையான நேரம். ஒரு லிஸ்ட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தொடரை மாற்றும்போது மட்டும் நகரும் ஆட்களை எண்ண வேண்டியிருக்கிறது. காரணம், சி++11 முதல் சைஸ் ஃபங்ஷன் நிலையான நேரத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்பது விதி. அதற்காக லிஸ்ட் தன் எண்ணிக்கையைக் கையிலேயே வைத்திருக்கிறது. ஜிசிசி இந்த விதிக்கு வந்தது 2015இல் வெளியான 5ஆம் பதிப்பில். அதற்கு முந்திய ஜிசிசியில் சைஸ் கேட்டால் ஒவ்வொரு கணுவாக எண்ணிக்கொண்டு போகும். பழைய கணினியில் பழைய கம்பைலர் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். லிஸ்ட் காலியா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் எப்போதும் எம்ப்டியையே கேளுங்கள்.

இப்போது, விட்டுவிடாதீர்கள் என்று சொன்ன அந்தக் கடைசி விவரம். ஒரு இட்டரேட்டரைப் பார்த்து, "நீ எந்த லிஸ்ட்டில் நிற்கிறாய்" என்று கேட்க வழியில்லை. அதற்குத் தன் அக்கம்பக்கம் மட்டும்தான் தெரியும். ஏற்கனவே புறப்பாட்டுக்குப் போய்விட்ட ஒருவரை, இன்னும் காத்திருப்பில் இருக்கிறார் என்று நினைத்து ஸ்பிளைஸ் செய்தால் என்ன ஆகும்? சி++ விதிப்படி அது வரையறுக்கப்படாத நடத்தை. நடைமுறையில் பெரும்பாலும் பாயிண்டர்கள் ஒழுங்காகத் திரும்பிவிடும், எண்ணிக்கை மட்டும் தப்பாகும்: காத்திருப்பில் ஒன்று குறையும், புறப்பாட்டில் ஒன்று கூடும், ஆள் ஒருவரும் மாறியிருக்க மாட்டார். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். அன்னதானத்துக்கு எத்தனை வாழையிலை போடுவது என்று சைஸைக் கேட்கும்போது ஏழு காய்கறிச் சாப்பாட்டின் கணக்கு உதைக்கும். அதனால்தான் பக்தர் ஸ்ட்ரக்டிலேயே அவர் நிற்கும் வரிசையைக் குறிக்கச் சொன்னேன். ஸ்பிளைஸ் செய்யும் வேலையை ஒரே ஒரு ஃபங்ஷனுக்குள் வையுங்கள். அது முதலில் அந்த விவரத்தைப் பார்க்கட்டும், பிறகு ஸ்பிளைஸ் செய்யட்டும், உடனே விவரத்தை மாற்றட்டும். நிரலில் வேறெங்கும் ஸ்பிளைஸ் என்ற சொல்லே வரக் கூடாது. இதில் நான் வகுப்பில் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை.

கற்றுக்கொள்ளும் காலத்தில் ஜிசிசியின் டிபக் மோடை இயக்கியே கம்பைல் செய்யுங்கள். இட்டரேட்டர் வேறொரு லிஸ்ட்டுக்குச் சொந்தமானது என்றால் அது ஓடும்போதே நிறுத்திச் சொல்லிவிடும். கூடவே அட்ரஸ் சானிடைசரையும் சேர்த்தால், விடுவித்த கணுவைத் தொடும் இடத்தை வரி எண்ணோடு காட்டும். லிஸ்ட் பழகுபவருக்கு இந்த இரண்டையும்விட நல்ல ஆசிரியர் இல்லை.

ஒழுங்குபடுத்துவதும் ஒன்றாக்குவதும்

வெக்டருக்குப் பழகியவர்கள் எஸ்டிடி சார்ட்டை லிஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, திரை நிறைய வரும் பிழைச்செய்தியைப் பார்த்து மிரண்டுபோவார்கள். அந்தச் சார்ட் நினைத்த இடத்துக்குத் தாவ வேண்டும், லிஸ்ட்டில் தாவ முடியாது. லிஸ்ட்டுக்கென்றே ஒரு சார்ட் உண்டு: காத்திருப்பு.சார்ட்(ஒப்பீடு). அது கணுக்களின் இணைப்பை மட்டும் மாற்றும், அதனால் கைப்பிடிகள் அனைத்தும் அப்படியே செல்லுபடியாகும். சமமானவர்களின் முந்தைய வரிசையையும் கலைக்காது. பால் செம்பு எடுக்கும் குழந்தைகளை முன்னால் கொண்டுவர ஒழுங்குபடுத்தினால், அவர்களுக்குள் முதலில் பதிந்தவர் முதலில் நிற்பார். இதில் தவறினால் பெற்றோரிடம் பதில் சொல்லி மாளாது!

மெர்ஜ், ஏற்கனவே ஒழுங்குபட்ட இரண்டு லிஸ்ட்டுகளை ஒன்றாக்கும். இரண்டு மேசைகளில் பெயர் பதிந்தால், இரண்டையும் பதிந்த நேரப்படி மெர்ஜ் செய்யலாம். முடிந்ததும் இரண்டாவது மேசையின் லிஸ்ட் காலியாகியிருக்கும், அதன் கணுக்கள் எல்லாம் முதலாவதுக்கு வந்திருக்கும். இரு மேசைகளும் ஒரே சீட்டு எண்ணைக் கொடுத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யூனிக் என்ற ஃபங்ஷன், பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருப்பவர்களை மட்டுமே நீக்கும். எங்கோ தள்ளி நிற்கும் இரட்டைப் பதிவை அது பார்க்காது.

எப்போது எடுக்கக் கூடாது

இங்கே எண்களைச் சொல்லியாக வேண்டும். 64 பிட் லினக்ஸில் ஒரு இன்ட் 4 பைட். அதை லிஸ்ட்டில் போட்டால் இரண்டு பாயிண்டருக்கு 16, இன்ட்டுக்கு 4, சீரமைப்புக்கு 4, ஆக 24 பைட். நினைவகத்தைப் பகிர்ந்தளிக்கும் ஜிலிப்சி அதற்கு 32 பைட் துண்டு ஒன்றை ஒதுக்கும். ஒரு லட்சம் எண்களுக்கு வெக்டர் எடுப்பது 4 லட்சம் பைட், லிஸ்ட் எடுப்பது 32 லட்சம் பைட்.

இடத்தைவிடப் பெரிய செலவு நடை. இன்றைய பிராசசர்கள் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்குப் பொதுவாக 64 பைட் அள்ளிக் கேஷுக்கு, அதாவது தங்கள் அருகிலுள்ள வேக நினைவகத்துக்கு, கொண்டுவருகின்றன. வெக்டரில் அந்த ஒரு அள்ளலில் 16 இன்ட் வந்துவிடும். லிஸ்ட்டில் அடுத்தவர் எங்கே இருக்கிறார் என்பது, இவரைப் படித்த பிறகுதான் தெரியும். அதுவரை பிராசசர் காத்துக்கிடக்கும். சி++ மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் 2012இல் ஓர் உரையில் இதைப் படம் போட்டுக் காட்டினார். எண்களை ஒழுங்கு குலையாமல் நடுநடுவே செருகுவது லிஸ்ட்டுக்கே உரிய வேலை என்று நாம் நினைப்போம். அங்கேயே வெக்டர் ஜெயிக்கிறது, எண்ணிக்கை கூடக் கூட இடைவெளியும் கூடுகிறது. செருகும் இடத்தைத் தேடி நடக்கும் செலவு, செருகலில் கிடைக்கும் மிச்சத்தை விழுங்கிவிடுகிறது. அதனால் இடம் ஏற்கனவே கையில் இருந்தால், அதாவது நம் கைப்பிடி மேப்பைப் போல ஒன்று இருந்தால், அப்போதுதான் லிஸ்ட்டின் வேகம் உண்மையான வேகம்.

முன்னால் எடுத்துப் பின்னால் சேர்க்கும் வெறும் வரிசைக்கு டெக் போதும். அதில் இரு முனைகளில் சேர்த்தாலும் உறுப்புகளுக்கான ரெஃபரன்ஸ் கெடாது, இட்டரேட்டர்கள் மட்டும் கெடும். நடுவில் ஆட்களை மாற்றாதவர்களுக்கு அது லிஸ்ட்டைவிட நல்ல தேர்வு.

மற்ற மொழிகளில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாவாவின் லிங்க்டு லிஸ்ட்டை எழுதிய ஜோஷுவா பிளாக், தானே அதைப் பயன்படுத்துவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதில் கணுவை வெளியே கையில் கொடுக்க வழியே இல்லை. நான் மேலே சொன்ன நன்மை அங்கே கிடைக்காது, செலவு மட்டும் மிஞ்சும். வரிசைக்கு அர்ரே டெக்கை எடுங்கள். சி ஷார்ப் கணுவைக் கையிலேயே கொடுக்கிறது, அங்கே இந்தப் பயிற்சியை அப்படியே செய்யலாம். ஸ்பிளைஸ் மட்டும் இல்லை, கணுவை ரிமூவ் செய்து இன்னொரு லிஸ்ட்டில் ஆட் லாஸ்ட் செய்ய வேண்டும். பைத்தானின் டெக், உள்ளே துண்டுதுண்டான தொகுதிகளை லிங்க்டு லிஸ்ட்டாகக் கோர்த்ததுதான், ஆனால் முனைகளில் மட்டுமே வேகம். லினக்ஸ் கெர்னலோ பாயிண்டர்களைத் தரவுக்குள்ளேயே பதித்து வைக்கும் முறையைப் பின்பற்றுகிறது. அது தனிப் பாடம், ஆர்வமுள்ளவர்கள் கட்டாயம் படியுங்கள்.

வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்வேன். எல்ஆர்யு கேஷ் (இடம் நிரம்பினால் நெடுநேரம் தொடாததை வெளியேற்றும் சேமிப்பு) எழுதச் சொல்லி அடிக்கடி கேட்கிறார்கள், கேட்டால் பதறாதீர்கள். காவடி நிரலை எழுதியவர் அதை ஏற்கனவே பாதி எழுதிவிட்டார். சாவியிலிருந்து இட்டரேட்டருக்கு ஒரு மேப், மதிப்புகளுக்கு ஒரு லிஸ்ட். ஒன்றைத் தொட்டவுடன் அதை முன்னால் கொண்டுவர ஒரே வரி:

கேஷ்.ஸ்பிளைஸ்(கேஷ்.பிகின்(), கேஷ், ஆள்);

இடம் நிரம்பினால் கடைசியில் இருப்பதன் சாவியை மேப்பிலிருந்து எடுத்துவிட்டுப் பாப் பேக். கணுவுக்குள் சாவியையும் சேர்த்து வைத்திருந்தால்தான் இது முடியும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டால், தொட்டதைத் திரும்பப் பெற வேண்டுமென்றால்

ஆற்றங்கரையில் ஒரு தொண்டர், கோவில் வாசலில் ஒரு தொண்டர், இருவரும் தத்தம் கைபேசியிலிருந்து ஒரே நிரலுக்குச் செய்தி அனுப்பினால், இரண்டு திரெட்டுகள் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகள்) ஒரே லிஸ்ட்டைத் தொடும். ஸ்பிளைஸ் பல பாயிண்டர்களை மாற்றுகிறது, நடுவில் இன்னொருவர் படித்தால் பாதி கோர்த்த வரிசையைத்தான் பார்ப்பார். இரண்டு லிஸ்ட்டுகள், ஒரு மேப், மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு மியூடெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு, போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூட்டுப் போட்டு வேகம் தேட இங்கே தேவையில்லை.

திரும்பப் பெறும் வசதியை நான் வீட்டுப்பாடமாகக் கொடுப்பேன். ஒருவரை நகர்த்துவதற்கு முன், அவருக்கு அடுத்து நின்றவரின் இட்டரேட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெறும்போது அந்த இட்டரேட்டரின் முன்னால் ஸ்பிளைஸ் செய்தால் ஆள் பழைய இடத்துக்கே வந்துவிடுவார். இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. அடுத்து நின்றவரே இதற்குள் புறப்பாட்டுக்குப் போயிருந்தால், நீங்கள் திருப்பி அனுப்பும் ஆளும் அங்கேயே போய் நிற்பார். அவர் நீக்கப்பட்டிருந்தால் இட்டரேட்டரே செல்லாது. அதனால் இட்டரேட்டரைக் குறிக்காமல் அவருடைய சீட்டு எண்ணைக் குறியுங்கள். திரும்பப் பெறும் நேரத்தில் மேப்பில் அவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள், பிறகு அவருடைய வரிசை விவரம் காத்திருப்பு என்று சொல்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அவருக்கு முன்னால் சேருங்கள், இல்லையென்றால் காத்திருப்பின் கடைசியில் சேருங்கள். நகர்த்தப்பட்டவர் கடைசி ஆளாக நின்றிருந்தால் அடுத்தவர் என்று ஒருவரே இல்லை, அதற்கும் எண்டையே காட்டினால் போதும்.